சைவப் பூனையின் பத்தியம்

என் கைச் சாப்பாட்டை வேண்டாம் என்று ஒதுக்கியவர்கள் பூந்தமல்லி வட்டாரத்தில் கிடையாது. பெருமைக்காகச் சொல்லவில்லை என்று ஆரம்பிப்பது எல்லாருக்கும் வழக்கம். நான் பெருமைக்காகத்தான் சொல்கிறேன். கல்யாணம், காதுகுத்து, கருமாதி எதுவானாலும், சைவச் சாப்பாடு என்றால் வண்டி கட்டிக்கொண்டு கரையான்சாவடியில் என் வீட்டு வாசலுக்குத்தான் வருவார்கள். சம்பந்திகள் முறுக்கிக்கொண்டு நின்ற ஒரு கல்யாணத்தில், இலை போட்டு என் வத்தக்குழம்பை ஊற்றியதும் சண்டை பாதியில் நின்றுபோனதை நானே பார்த்திருக்கிறேன். அப்பேர்ப்பட்ட எனக்கு ஒரு மழைக்காலத்தில், உள்ளங்கை அளவு வயிறுள்ள ஒரு பூனை தண்ணி காட்டியது.

அது என் மனைவியின் பூனை. எங்களுக்குப் பிள்ளை இல்லை. இதைச் சொன்னதும் உச்சுக் கொட்டுகிறவர்களை எனக்குப் பிடிக்காது, ஆகவே சொல்லிவிட்டு மேலே போகிறேன். முகூர்த்த மாசங்களில் நான் வீடு தங்கமாட்டேன். கரண்டிகளையும் ஆட்களையும் ஏற்றிக்கொண்டு கிளம்பினால் ஒரு கல்யாணத்திலிருந்து அப்படியே அடுத்த கல்யாணத்துக்குப் போய்விடுவேன். வீட்டில் அவளும் பூனையும்தான். ஒரு தடவை சொல்லாமல் திரும்பி வந்தபோது உள்ளே பேச்சுக் குரல் கேட்டது. யாரோ விருந்தாளி என்று நினைத்துத் தோளில் கிடந்த துண்டை உதறிப் போட்டுக்கொண்டு மரியாதையாக உள்ளே நுழைந்தேன். அவள் முறத்தில் அரிசி புடைத்தபடி பூனையிடம் பக்கத்துத் தெருச் சண்டையை முழுசாக ஒப்பித்துக்கொண்டிருந்தாள். அது ஒரு கண்ணை மட்டும் மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தது.

நாங்கள் தலைமுறை தலைமுறையாகச் சுத்த சைவம். என் மனைவி என்னைவிட ஒரு படி மேலே. மீன்கூடை போகிற தெருவில் மூக்கைப் பொத்திக்கொண்டு எதிர்ச் சாரிக்குப் போகிறவள். அவளைப் பொறுத்தவரை பூனையும் சைவம். அது தயிர்ச்சோறு தின்றது, பால் குடித்தது, நெய் உருக்கினால் எங்கிருந்தாலும் ஓடி வந்தது. பின்னால் இருந்த நெல் கிடங்கில் அது என்ன செய்தது என்பது ஊருக்கே தெரியும். ஆனால் அங்கிருந்து வரும்போது வாசற்படியில் உட்கார்ந்து முகத்தைச் சுத்தமாகத் துடைத்துக்கொண்டுதான் உள்ளே வரும். என் மனைவி கண்ணால் பார்க்கவில்லை, பார்க்காதது நடக்கவில்லை.

யுத்தம் தொடங்கி, ஆவடிப் பக்கம் பட்டாளத்து லாரிகள் ரோட்டை உழுதுகொண்டிருந்த சமயம் அது. அந்த வருஷம் ஐப்பசியில் பிடித்த மழை கார்த்திகையிலும் விடவில்லை. நான் ஒப்புக்கொண்டிருந்த முகூர்த்தங்கள் எல்லாம் தள்ளிப் போய், வீட்டில் உட்கார்ந்து ஈ ஓட்டிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் பூனை எங்கோ போய் மழையில் முழுக்க நனைந்து திரும்பி வந்தது. வந்ததும் தும்மியது. நாங்கள் சிரித்தோம். மனுஷன் மாதிரியே தும்முகிறது என்று என் மனைவி அதைக் கொஞ்சினாள்.

பிறகு சிரிப்பதற்கு ஒன்றும் இல்லை. கண் இரண்டும் பீளை கட்டி ஒட்டிக்கொண்டன. மூக்கில் சளி காய்ந்து அடை போல் பிடித்தது. துவரம்பருப்பு மூட்டைக்குப் பக்கத்தில் சாக்குமேல் சுருண்டு படுத்ததுதான், எழுந்திருக்கவில்லை. தொட்டால் உடம்பு கொதித்தது. பால் வைத்தோம், பாலை மோந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. தயிர்ச்சோறு வைத்தோம், அதையும் பார்க்கவில்லை. முதுகில் கை வைத்தால் எலும்பு ஒவ்வொன்றும் தனித்தனியாக விரலில் தட்டுப்பட்டது.

மாட்டுக்கு வைத்தியம் பார்க்கிற ஒருவர் எங்கள் தெரு வழியாகப் போனார். அவரைக் கையைப் பிடித்து உள்ளே அழைத்து வந்தேன். அவர் நின்றபடியே எட்டிப் பார்த்தார்.

"பூனைக்கு இன்னாய்யா வைத்தியம்? பொழைச்சா பொழைக்கும். இத்தப் பாக்கவா என்னை இஸ்துகினு வந்தே?"

அவர் போன பிறகு என் மனைவி பூனைக்குப் பக்கத்தில் குந்திக்கொண்டாள். அன்றைக்கு அவள் உலை வைக்கவில்லை. நான் அடுப்பைப் பற்றவைத்து ரசம் வைத்துச் சோறு போட்டேன். சோற்றைப் பிசைந்தாள், பிசைந்துகொண்டே இருந்தாள், வாயில் வைக்கவில்லை.

"இது பூட்டா இந்த ஊட்ல நான் யாரண்ட பேசறது?" என்றாள்.

என்னிடம் பேசலாமே என்று வாய் வரை வந்தது. முகூர்த்தம் வந்தால் நான் எங்கே இருப்பேன் என்பது எனக்கே தெரியும். ஆனால் அந்த நிமிஷத்தில் எனக்குள் ரோஷம் கிளம்பிவிட்டது. ஊருக்கே ஆக்கிப் போடுகிறவன் வீட்டில் ஒரு உயிர் சோறு இல்லாமல் சாவதா? இந்தப் பூனையைச் சாப்பிட வைக்காமல் இனிமேல் ஊருக்காகக் கரண்டியைத் தொடுவதில்லை என்று சொன்னேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "பாக்கலாம்" என்று மட்டும் சொன்னாள்.

பத்தியச் சமையலிலும் நான் கெட்டிக்காரன். காய்ச்சல்காரனுக்கு என்ன கொடுப்பது, பிள்ளை பெற்றவளுக்கு என்ன கொடுப்பது என்று என்னைக் கேட்டுப் போகிறவர்கள் உண்டு. நோயாளிக்கு வாசனை ஆகாது, தாளிப்பு ஆகாது, கொழுப்பு ஆகாது. எதைக் கொடுத்தாலும் ஆறவைத்துத் தெளியவைத்துக் கொடுக்க வேண்டும். எங்கள் பக்கத்தில் யாருக்கு உடம்புக்கு வந்தாலும் இதுதான் நடைமுறை. ஆகவே பூனைக்கும் அதையே செய்தேன். அரிசியை வெறும் சட்டியில் பொன்னிறமாக வறுத்து, நொய்யாக உடைத்து, கஞ்சி காய்ச்சி, மெல்லிய துணியில் வடிகட்டி, சில்லென்று ஆறவைத்து, வெள்ளிக் கிண்ணத்தில் வைத்தேன். ஒரு வாசனையும் இல்லாத, கண்ணாடி போன்ற கஞ்சி. காய்ச்சலில் கிடந்த எத்தனையோ பெரிய மனிதர்கள் அதைக் குடித்துவிட்டு என்னை வாழ்த்தியிருக்கிறார்கள். பூனை அதைத் தண்ணீர் என்றுகூட மதிக்கவில்லை.

அடுத்து வற்புறுத்திப் பார்த்தேன். விருந்தாளி போதும் என்று இலையின் மேல் கையை வைத்து மறைத்தாலும், அந்தக் கைக்கு அடியில் கரண்டியை நுழைத்து ஊற்றுவதுதான் எங்கள் தொழிலில் உபசாரம். அதே உபசாரத்தைப் பூனைக்கும் செய்தேன். பக்கத்து வீட்டில் கைக்குழந்தைக்குப் பால் புகட்டுகிற பாலாடையை இரவல் வாங்கி வந்தேன். என் மனைவி துணியில் சுற்றிப் பிடித்துக்கொள்ள, நான் கடைவாயில் கஞ்சியை விட்டேன். கொஞ்சம் உள்ளே போனது, மீதி கழுத்தெல்லாம் வழிந்தது. போனதும் இருமலோடு திரும்பி வந்தது. இரண்டாம் முறை புகட்டப் போவதற்குள் பாலாடையைக் கண்டாலே அது தலையைச் சாக்குக்குள் புதைத்துக்கொண்டது. என் மனைவியின் மடிக்கு வரவும் பயந்தது.

"இன்னாங்க பண்றீங்க? என்னைக் கண்டே ஓடுதுங்க! இத்தினி நாளு எம்மேலயே படுத்துகினு கெடந்தது!"

அவள் அழுதுவிட்டாள். எனக்குக் கோபம் வந்தது. பூனைமேல் வந்ததா, என்மேல் வந்ததா என்று தெரியவில்லை. பாலாடையைக் கழுவிப் பக்கத்து வீட்டிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

திரும்பி வந்து நெய் உருக்கினேன். அதுதான் என் கடைசி அஸ்திரம். எருமை வெண்ணெயை முருங்கைக்கீரை போட்டு உருக்கினால் மூன்று வீடு தள்ளி இருக்கிறவர்களுக்கே வாயில் ஜலம் ஊறும். ஒரு சொட்டை விரலில் தொட்டு அதன் மூக்குக்கு நேரே காட்டினேன். அது என் விரலை வெறுமனே பார்த்தது. வேண்டாம் என்று திரும்பவும் இல்லை, வேண்டும் என்று வரவும் இல்லை. சுவரைப் பார்ப்பது போல் பார்த்தது. வாயைத் திறந்து மூச்சு விட்டது. நான் விரலை இன்னும் கொஞ்சம் மேலே தூக்கி, அதன் மூக்குத் துவாரத்துக்கு எதிரே வைத்தேன். காற்றே வரவில்லை.

அப்போதுதான் எனக்கு மண்டையில் உறைத்தது. நெற்றியில் பளாரென்று அடித்துக்கொண்டேன்.

தவசிப்பிள்ளை என்கிற சைவச் சமையல்காரன் ஆக்கும்போது ருசி பார்க்க மாட்டான். முதல் படையல் சாமிக்கு. அதற்கு முன்னால் நாக்கில் வைத்தால் அத்தனையும் எச்சில். உப்புப் போதுமா, புளி தூக்கலா, பருப்பு வெந்ததா, எல்லாவற்றையும் மூக்கால்தான் பார்க்க வேண்டும். அண்டாவுக்கு மேலே குனிந்து ஆவியை ஒரு இழுப்பு இழுத்து, இன்னும் ஒரு கை உப்பு என்று நான் சொன்னால் அது சரியாகத்தான் இருக்கும். ஜலதோஷம் பிடித்த நாளில் நான் அடுப்புப் பக்கமே போகமாட்டேன். போனாலும் அன்றைக்கு நான் குருடன். அப்படி மூக்கை வைத்துப் பிழைக்கிற நான், பூனைக்கும் மூக்குதான் இலை என்பதை மறந்துவிட்டு, வாசனையே இல்லாத கஞ்சியைப் பார்த்துப் பார்த்து வடிகட்டிக்கொண்டிருந்தேன். மூக்கு அடைத்த பூனைக்கு எதிரே அதை வைத்தால் அது சாப்பாடு என்று அதற்கு எப்படித் தெரியும்?

"பத்தியத்தை மாத்தறேன்" என்று மனைவியிடம் சொன்னேன். "இதுக்கு ஆறினது கூடாது, சூடு வேணும். தெளிஞ்சது கூடாது, நாறணும்."

அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. நான் விளக்கிக்கொண்டிருக்கவில்லை. தோட்டத்துக் கொட்டகையில் பெரிய அண்டாவில் வெந்நீர் கொதிக்கவைத்தேன். பூனையைக் கூடையோடு எடுத்து வந்து, ஆவி படுகிற தூரத்தில், ஆனால் சுடாத தூரத்தில் வைத்து, மேலே ஒரு பழைய வேட்டியைப் போர்த்தினேன். மருந்து, இலை, தைலம் எதையும் போடவில்லை; வெறும் ஆவி. அண்டாவுக்கும் ஆவிக்கும் நான் புதியவன் இல்லை. கொஞ்ச நேரம் விட்டு வேட்டியைத் தூக்கினால் பூனை பிழிந்த துணி மாதிரி உட்கார்ந்திருந்தது. மூக்கில் இருந்த அடை ஊறிப் போயிருந்தது. பஞ்சை வெந்நீரில் நனைத்துத் துடைத்தேன். கண்ணையும் துடைத்தேன். அது தும்மியது, என் முகம் முழுக்கத் தும்மியது. நான் அதைத் துடைத்துக்கொள்ளக்கூட மறந்து மனைவியைக் கூப்பிட்டேன்.

இப்படிக் காலையும் மாலையும் ஆவி பிடித்தோம். மூக்கு திறந்ததா இல்லையா என்று பார்க்க வேண்டுமே, ஒரு சிட்டிகை பெருங்காயத்தைச் சுடுபாலில் கரைத்து நீட்டினேன். பூனை மோந்து பார்த்தது; காதைப் பின்னுக்கு மடித்துக்கொண்டது; என்னை ஒரு பார்வை பார்த்தது. என் சமையலைப் பார்த்து இப்படி ஒரு அருவருப்பை யாரும் காட்டியதில்லை. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"இந்தாமே, அதுக்கு மோப்பம் வந்துடிச்சி!" என்று கத்தினேன்.

மோப்பம் வந்தது, பசி வரவில்லை. பால், நெய், தயிர் எதுவும் அதை அசைக்கவில்லை. இத்தனை நாள் பட்டினி கிடந்த உடம்பைத் தட்டி எழுப்ப அதைவிடப் பலமான வாசனை ஒன்று வேண்டும். எது என்று எனக்குத் தெரியும். கேட்டால் என்ன நடக்கும் என்பதும் தெரியும். கேட்டேன்.

"கருவாடு வாங்கியாறட்டுமா?"

என் மனைவி காதில் கொதிக்கிற எண்ணெயை ஊற்றின மாதிரி எழுந்து நின்றாள்.

"இன்னா சொன்னீங்க? இந்த ஊட்லயா? கார்த்திகை மாசத்துலயா? என் செல்லம் செத்தாலும் சைவமா சாவட்டும்!"

"அது எந்தக் காலத்துல சைவமா இருந்தது? நெல்லுக் கெடங்குல அது இன்னா சுண்டலா துன்னுது?"

அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். சாத்திய கதவுக்கு வெளியே நின்று நான் பேசினேன். "நான் ஊட்டுக்குள்ள எடுத்தாரமாட்டேன். தோட்டத்துல வெச்சிதான் சுடுவேன். உன் கண்ணுல படாது." உள்ளேயிருந்து சத்தம் இல்லை. வேண்டாம் என்று சொல்லாததையே சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

அடுத்த நாள் கார்த்திகைச் சோமவாரம். திங்கட்கிழமைதோறும் அவள் பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் சாயங்காலம் வரை விரதம் இருக்கிற மாசம் அது. போதாக்குறைக்கு, அன்றைக்குச் சாயங்காலம்தான் சேக்காட்டிலிருந்து ஒரு பெரியவர் வருவதாகச் சொல்லி அனுப்பியிருந்தார். தையில் அவர் வீட்டுக் கல்யாணம். மூன்று நாள் சாப்பாடு. அதைப் பேசி முடிக்க வருகிறார். நெற்றி முழுக்கப் பட்டையாக விபூதி பூசுகிற குடும்பம். வெங்காயத்துக்கே யோசிக்கிறவர்கள். அவர் வருவதற்குள் எல்லாம் முடிந்து, சாணி தெளித்து, சாம்பிராணி போட்டுவிடலாம் என்று கணக்குப் போட்டேன்.

கருவாடு கரையான்சாவடியிலேயே கிடைக்கும். ஆனால் கடைத்தெருவில் என்னைத் தெரியாதவர்கள் கிடையாது. சைவச் சமையல்காரன் கருவாட்டுக் கூடைக்கு முன்னால் குந்தினால், நான் வீடு போய்ச் சேருவதற்குள் செய்தி பூந்தமல்லியைத் தாண்டிவிடும். ஆவடியில் வாங்கலாம் என்றால் சேக்காடு கூப்பிடு தூரம். ஆகவே விடியும்போதே கிளம்பி, ஆவடிக்குப் போகிற மாட்டுவண்டியில் தொற்றிக்கொண்டு, அங்கே ரயில் ஏறி, வேப்பம்பட்டில் போய் இறங்கினேன். ஸ்டேஷனுக்கு வெளியே ஒரு அம்மாள் கருவாட்டுக் கூடையோடு உட்கார்ந்திருந்தாள். துண்டைத் தலையில் முக்காடாகப் போட்டுக்கொண்டு போய் நின்றேன்.

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். முகம் மலர்ந்தது.

"அண்ணாத்தே! நீ சமையல்காரரு இல்ல? திருநின்றவூர் கல்யாணத்துல உன் வத்தக்கொழம்பு துன்னேனே! இன்னும் நாக்குல நின்னுகினு கீது!"

என் புகழை நான் சபித்த ஒரே நாள் அதுதான். தொண்டையைச் செருமிக்கொண்டு, "கொஞ்சம் கருவாடு வேணும். மருந்துக்கு" என்றேன்.

"ஆமாமா. சைவக்காரங்க அல்லாரும் மருந்துக்குத்தான் வாங்கிகினு போறாங்க."

அவள் முகத்தில் சிரிப்பு கொஞ்சமும் இல்லை. எந்தக் கருவாடு வேண்டும் என்று கேட்டாள். எனக்கு என்ன தெரியும்? இருப்பதிலேயே அதிகமாக நாறுவதைக் கொடு என்றேன். காரப்பொடி என்று சொல்லி, வெள்ளையாகத் தட்டையாக இருந்த சின்னச் சின்ன மீன்களை அள்ளி வாழைச்சருகில் கட்டிக் கொடுத்தாள்.

அந்தப் பொட்டலத்தோடு ரயிலில் வந்த கதையைத் தனியாகச் சொல்ல வேண்டும். பெட்டியில் உட்கார்ந்திருந்தவர்கள் ஒவ்வொருவராக மூக்கைச் சுளித்தார்கள். ஒருவர் எழுந்து பலகைக்கு அடியில் குனிந்து தேடினார். நானும் மூக்கைப் பலமாக உறிஞ்சி, "இன்னா நாத்தம்யா இது, கொஞ்சங்கூட வெவஸ்தை இல்லாத ஜனங்க" என்று எல்லாரையும்விட உரக்கச் சொன்னேன். அதற்குப் பிறகு என்மேல் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

வீட்டுக்கு வந்தபோது வெளிச்சம் நன்றாக இருந்தது, மழை விட்டிருந்தது. என் மனைவி முன்கட்டில் விரதத்தோடு உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். நான் சுற்றிக்கொண்டு தோட்டத்துக்குப் போனேன். பூனையைக் கூடையோடு தூக்கிக்கொண்டு வந்து கொட்டகையில் வைத்தேன். அதன் தலை கூடை விளிம்பில் தொங்கியது. முன்தினம் வரை தலையை நிமிர்த்தி வைத்திருந்தது. இன்றைக்கு அதற்கும் சக்தி இல்லை. தாமதமாகிவிட்டதோ? அவசரமாக ஆவி காட்டி மூக்கைத் துடைத்தேன். கருவாட்டை வெந்நீரில் திரும்பத் திரும்ப அலசி உப்பை எடுத்தேன். கரியை ஊதிக் கனலாக்கி, அதன்மேல் ஒரு மீனை வைத்தேன்.

என் ஜென்மத்தில் அப்படி ஒரு புகையை நான் கிளப்பியதில்லை. எனக்குக் குமட்டியது. ஆனால் தொழில்காரன் மூக்கு சும்மா இருக்குமா? குமட்டிக்கொண்டே, இன்னும் கொஞ்சம் முறுக வேண்டும், இப்போது திருப்ப வேண்டும் என்று அது என்னிடம் சொல்லிக்கொண்டிருந்தது. திருப்பினேன். எண்ணெய் கரியில் சொட்டி, வாசனை குப்பென்று எழுந்தது.

பூனையின் மூக்கு அசைந்தது.

நான் மூச்சை அடக்கிக்கொண்டேன். மீனைக் கிள்ளி, வெதுவெதுப்பான கஞ்சியில் நசுக்கி, விரல் நுனியில் எடுத்து அதற்கு முன்னால் தரையோரமாக நீட்டினேன். வாயருகே கொண்டுபோகவில்லை. உபசாரம் எதுவும் செய்யவில்லை. வா என்றுகூடச் சொல்லவில்லை. கை மரத்துப்போகிற வரை நீட்டிக்கொண்டே குந்தியிருந்தேன். அது தலையைத் தூக்கியது. தூக்கியது கீழே விழுந்தது. மறுபடி தூக்கியது. கழுத்தை நீட்டி, என் விரலை மோந்து, ஒரு தடவை நக்கியது. அந்த நாக்கின் சொரசொரப்பு என் விரலில் பட்டதும் எனக்குக் கண் நிறைந்துவிட்டது. ஆயிரம் பேர் சாப்பிட்டுவிட்டு ஏப்பம் விட்டபோதுகூட எனக்கு அப்படி ஆனதில்லை.

இரண்டாம் முறை நக்கியது. மூன்றாம் முறை பல்லைக் கொண்டு மெல்லப் பிடித்து இழுத்தது.

அந்த நேரம் பார்த்துத்தான் வாசலில் வண்டி வந்து நின்றது. சாயங்காலம் வருவதாகச் சொன்ன பெரியவர், மறுபடி மழை பிடித்துக்கொள்ளும் என்று பயந்து முன்கூட்டியே வந்துவிட்டார். என் மனைவி அவரை முன்கட்டில் உட்காரச் சொல்வது எனக்குக் கேட்டது. அவர் உட்காரவில்லை. புகை வந்த வழியைப் பிடித்துக்கொண்டு நேரே தோட்டத்துக்கு வந்தார். மேல்துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு கொட்டகைக்கு முன்னால் நின்றார். பின்னால் அவர் வீட்டு ஆட்கள்.

"இன்னா தவசிப்பிள்ளே, இது இன்னா கண்றாவி?"

அவர் குரலுக்குப் பூனையின் காது விறைத்தது. நக்குவது நின்றது. நான் விரலை அசைக்கவில்லை. எழுந்து நின்று கும்பிட வேண்டிய மனிதர். எழுந்தால் இது மிரண்டு தலையைப் புதைத்துக்கொள்ளும். மறுபடி அந்தத் தலை எழுமா என்று எனக்குத் தெரியாது. திரும்பாமலே சொன்னேன்:

"கொஞ்சம் மெதுவா பேசுங்க. இங்க பந்தி நடந்துகினு கீது."

"பந்தியா?"

"ஆமா. இது துன்னு முடிக்கட்டும், வரேன். பந்தியில குந்தினவங்கள பாதியில உட்டுட்டு எழுந்து வந்து எனக்குப் பழக்கம் இல்ல. உங்க ஊட்டுக் கல்யாணமா இருந்தாலும் இப்படித்தான்."

பெரியவர் இரண்டு அடி பின்னால் நகர்ந்தார். பிறகு அவர், "சோமவாரத்துல கருவாடு பிசைஞ்ச கையி எங்க ஊட்டு அண்டாவுல படறதா? நடங்கடா" என்றார். செருப்புச் சத்தம் வாசல்வரை போனது. வண்டி கிளம்பியது. தைக் கல்யாணமும் அதோடு போயிற்று. அவர் சும்மா இருக்கப் போவதில்லை, நாலு இடத்தில் சொல்லுவார், வேறு கல்யாணங்களும் போகும் என்று தெரிந்தது. போகட்டும், என் வத்தக்குழம்பை நினைத்துக்கொண்டு திரும்பி வருவார்கள் என்று எனக்கு அப்போதே நிச்சயமாகத் தெரிந்தது. பூனை திரும்பவும் தலையைத் தாழ்த்தி நக்க ஆரம்பித்தது.

தோட்டத்து வாசலில் என் மனைவி நின்றாள். அவள் எத்தனை நேரமாக நின்றாள் என்று தெரியாது. தொழில் போச்சு, மானம் போச்சு, விரதம் போச்சு என்று கத்தப் போகிறாள் என்று நினைத்து, வாங்கிக்கொள்ளத் தயாராக முதுகை வளைத்துக்கொண்டேன். அவள் சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு மெதுவாக வந்து, பூனை மிரளாதபடி என் பக்கத்தில் குந்தினாள். நான் நசுக்கி வைத்திருந்ததை உற்றுப் பார்த்தாள்.

"இன்னாங்க இது? முள்ளோட குடுத்துகினு கீறீங்க!" என்று அடிக்குரலில் சீறினாள். "தொண்டையில மாட்டிகினா இன்னா பண்ணுவீங்க? கண்ணு எங்க கீது உங்களுக்கு?"

காரப்பொடியில் இருப்பது முக்காலும் முள்தான் என்பது எனக்கு எப்படித் தெரியும்? அவளுக்கும் தெரியாது. பார்த்ததும் கண்டுபிடித்துவிட்டாள். என் கையிலிருந்த மீனைப் பிடுங்கிக்கொண்டாள். பிறந்ததிலிருந்து மீன் தொட்டறியாத விரல்கள் அவை. குமட்டலை அடக்க முடியாமல் இரண்டு தடவை முகத்தைத் தோளில் புதைத்துக்கொண்டாள். ஆனால் விரல்கள் நிற்கவில்லை. நகத்தால் தடவித் தடவி ஒவ்வொரு முள்ளாக உருவி எடுத்தாள். வெறும் சதையை மட்டும் உள்ளங்கையில் வைத்து, பூனைக்கு முன்னால் தரையில் கையை விரித்தாள்.

பூனை அவளை மோந்தது. பிறகு அவள் கையிலேயே தலையைச் சாய்த்து வைத்துக்கொண்டு தின்றது. அவள் கண்ணிலிருந்து வழிந்ததைத் துடைக்க அவளுக்குச் சுத்தமான கை இல்லை. நான்தான் துண்டால் துடைத்தேன்.

உள்ளங்கை காலியானதும் அது அவள் விரலிடுக்கில் தேடியது.

"குந்திகினு இன்னா பாக்கறீங்க?" என்றாள் என் மனைவி. "இன்னும் ரெண்டு சுடுங்க, சீக்கிரம்."

நான் கரியை ஊதினேன்.